சத்தம் போடாத பெட்டி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. இது மெல்லச் சொல்ல வேண்டிய கதை. இதில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு பெட்டி காணாமல் போகிறது, அவ்வளவுதான். பெரிய டிபன் டப்பா அளவுதான் இருக்கும். ஆனால் அது கிடைப்பதற்குள் ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்த இரண்டு வாய்கள் திறக்க வேண்டியிருந்தது. முடிவை மட்டும் இப்போதே கேட்காதீர்கள். வழியில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டே வாருங்கள். எதையும் உங்களிடமிருந்து ஒளிக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து ஆறு, டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர்க் குளிர் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்த காலை எட்டு மணிக்கு, ஆஸ்டின் டவுனில் வனஜாவின் வீட்டு வாசலில் மகா நின்றாள். கையில் பையில்லை, காலில் ஒரு செருப்புதான் சரியாக மாட்டியிருந்தது.

வனஜாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பஸ் டிப்போவில் தொலைந்த பொருள்கள் அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். குடை, டிபன் கேரியர், பல்செட், ஒருமுறை ஒரு மாப்பிள்ளைத் தலைப்பாகை என்று ஊர் தொலைத்ததையெல்லாம் ஊருக்கே திருப்பிக் கொடுத்தவள். வேலையை விட்ட பிறகும் ஜனங்கள் அவளை விடவில்லை. எதைக் காணோமென்றாலும் அவள் கதவைத்தான் தட்டினார்கள்.

எதிர் வீட்டு நோரா அவளுக்குத் துணை. ரவிக்கை தைப்பது தொழில், ஸ்கூட்டர் ஓட்டுவது உற்சாகம். நோராவின் கத்தரிக்கோல் துணியை மட்டும்தான் வெட்டும். மிச்சம் எல்லாவற்றையும் அவள் வாய் பார்த்துக்கொள்ளும்.

மகா சொன்னது இதுதான். வைட்ஃபீல்டில் காம்பவுண்டு சுவரும் கேட்டும் வைத்த பெரிய குடியிருப்பில் அவளுக்கு ஆறு வீட்டு வேலை. அதில் ஒன்று மூன்றாம் மாடியில் சேஷகிரி ஐயா வீடு. ஐயா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் பாமா அம்மாவும்தான், வேறு யாருமில்லை. டீவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தார்கள். அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சினிமாவெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், ரிமோட்டில் அமுக்கினால் டீவியில் ஓடும். கம்ப்யூட்டர் என்றால் ஒரு இரைச்சல் இருக்குமே, அது இருக்காது. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெட்டியைக் காணோம். அன்று மத்தியானத்துக்கு மேல் வெளியாள் என்று அந்த வீட்டுக்குள் போனது மகா ஒருத்தி. கேட்டைத் தாண்டும்போது அவள் தோளில் பெரிய துணிப்பை. உள்ளே பாமா அம்மா கொடுத்த பழைய கம்பளி. செக்யூரிட்டி சூப்பர்வைசர் கோவிந்தப்பா அன்று பையைத் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை, பார்க்காத பைக்குள் பெட்டி இருந்திருக்கும் என்று முடிவாகிவிட்டது. மகாவின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம். திருடி என்று எழுதிவிட்டால் அந்த ஆறு வீடு மட்டும் போகாது. பக்கத்துக் குடியிருப்பு சூப்பர்வைசர்களுக்கும் ஒரு போன் போகும், அப்புறம் வைட்ஃபீல்டில் எந்தக் கேட்டும் திறக்காது.

"எடுத்தவளுக்குன்னா சாட்சி இருக்கும்கா," என்றாள் மகா. "எடுக்காதவ எந்த சாட்சிய இட்னு வருவா?"

வனஜா டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அந்த வீட்டைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல் என்றாள்.

நல்ல ஜனம், அதிர்ந்து பேச மாட்டார்கள் என்றாள் மகா. மத்தியானம் அம்மா படுப்பார்கள், ஐயா டீவி முன்னால் உட்காருவார். சாயங்காலம் ஐயா நடக்கப் போவார். சுவரில் முன்னால் குடியிருந்தவர்கள் அடித்த ஆணிகள் உண்டு, படம் ஒன்றுகூடக் கிடையாது. அப்புறம் அந்த வீட்டு இட்லி. "இந்தக் குளிருக்கு அஞ்சு வூட்லயும் மாவு பொங்காம இட்லி கல்லு மாரி கீது. அந்தம்மா வூட்ல மட்டும் பூ மாரி. எனக்கு டெய்லி நாலு வெச்சி குடுப்பாங்க."

"இட்லி பூ மாதிரி இருந்துச்சுன்னு எந்தக் கூட்டத்துலயும் பாஸ் திருப்பித் தர மாட்டாங்க," என்று நோரா தன் செல்போனை எடுத்து உதறினாள். அதன் பொத்தான் இடுக்கிலிருந்து ஓர் அரிசி விழுந்தது. போன மாதம் பக்கெட் தண்ணீரில் விழுந்த போன் அது. இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்து உயிர் பிழைத்தது. அந்தக் கதையை மகா தான் வேலை செய்யும் ஆறு வீட்டிலும் சொல்லிச் சிரித்திருந்தாள்.

நோரா அவசரத் தையலை முடித்ததும், மத்தியானம் மகாவை பஸ்ஸில் அனுப்பிவிட்டு இவர்கள் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் ஞாயிற்றுக்கிழமைக்கும் லாரிகள் நகரவில்லை. பெட்டியை எவனாவது திருடி இந்த வழியாகப் போயிருந்தால் இன்னும் இங்கேதான் நின்றுகொண்டிருப்பான், ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றாள் நோரா.

கேட்டில் கோவிந்தப்பா மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பொண்ணு மேலே தனக்கு ஒரு கோபமும் இல்லை என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார். ஆனால் ரிஜிஸ்டரில் வேறு பெயர் இல்லையே, தான் என்ன செய்ய முடியும் என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். வேறு பெயர் இல்லைதான்.

சேஷகிரியின் வீட்டு அழைப்பு மணியை மூன்று முறை அடித்தார்கள். நான்காம் முறைதான் கதவு திறந்தது. அறுபத்தெட்டு வயது, நெற்றியில் மெல்லிய கோடு, காதில் கேட்கும் கருவி. நோரா தன் பெயரைச் சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொன்னபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

வனஜா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தப் பெண் எடுத்தாள் என்று நான் சொல்லவில்லை, பெட்டி இல்லை என்றுதான் சொன்னேன், மற்றதெல்லாம் மற்றவர்கள் சேர்த்தது என்றார். அலமாரி, பரண், கட்டிலடி எல்லாம் கோவிந்தப்பாவோடு தேடியாகிவிட்டது. போலீஸ் வேண்டாம். பெட்டி மட்டும் வந்தால் போதும்.

அதில் என்ன இருந்தது என்று வனஜா கேட்டாள்.

"சினிமா. இருநூறு படம் இருக்கும்."

"அடிக்கடி பார்க்கிற படம் எது சார்?"

அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை.

டீவிக்கு அடியில் மரத்தட்டில் தூசி படியாத ஒரு சதுரம். பெட்டி இருந்த இடம். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒழுகிக் காய்ந்த ஒரு கோடு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது சிந்தியிருக்கும் என்றாள் நோரா. வனஜா நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனாள். அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். ரிமோட் மேஜையில் கிடந்தது. அதில் ஒன்றாம் நம்பர் பொத்தான் மட்டும் எழுத்தழிந்து மொழுக்கென்றிருந்தது. மற்றவை கடையில் வாங்கியபடியே புதிதாக இருந்தன.

சமையலறையில் பாமா சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு, பெரிய கண்கள். வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்று நாளாக இந்தச் சப்பாத்திதான் என்று சேஷகிரி விருந்தாளிகளிடம் மெதுவாகக் குறைப்பட்டார். பல்செட்டோடு சப்பாத்தி பெரிய போராட்டமாம். அரிசியில் வண்டு வந்துவிட்டதாம். மூலையில் எவர்சில்வர் அரிசி டிரம் இருந்தது. மூடிமேல் அம்மிக் குழவி படுத்திருந்தது.

வனஜா டீவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்ப்யூட்டர் கடை அட்டையிலிருந்து போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, இதோ வருகிறோம் என்று கீழே இறங்கினாள். தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நோராவின் அரிசிப் போனில் அழைத்தார்கள். எஸ்.பி. ரோட்டில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து தரும் நாகேஷ் எடுத்தான்.

சேஷகிரி சாரை மறக்க முடியுமா என்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீவியோடு சேர்க்க ஒரு கம்ப்யூட்டர் கேட்டார். செய்து கொடுத்தால், ஃபேன் சத்தம் கேட்கிறதென்று திருப்பிக் கொண்டுவந்தார். மெதுவாகச் சுற்றுகிற ஃபேன் போட்டுக் கொடுத்தான். அதையும் திருப்பினார். கடைசியில் ஃபேனே இல்லாமல் ஒன்று செய்தான். உள்ளே பிறக்கும் சூடு மேல்மூடி வழியாக வெளியே போகிற மாதிரி, மூடியில் வரிசையாகப் பிளவுகள். ஓடும்போது மூடி காப்பி டம்ளர் மாதிரி சுடும், மேலே எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தான்.

நோரா போனைக் கையால் பொத்தினாள். "வனஜாக்கா, நான் கத்தினது எதிர்வீட்டுக்குக் கேட்டுச்சு, அவருக்குக் கேக்கல. இந்த மனுஷனுக்கு ஃபேன் சத்தம் எங்கேருந்து கேட்டுச்சு?"

"அவர் காதுக்காகச் செஞ்சதில்ல அது," என்றாள் வனஜா. "ஒண்ணாம் நம்பர் பட்டன்ல என்ன இருக்குன்னு கேளு."

நாகேஷ் தயங்கினான். வாடிக்கையாளர் விஷயம் என்றான். ஒரு பொண்ணு வேலை போகப் போகிறது என்று நோரா சொன்ன பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். சினிமாவெல்லாம் பேருக்குத்தான், அவர் அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பழைய கல்யாண வீடியோ கேசட் கொண்டுவந்தார். பூஞ்சை பிடித்தது. ஒரே ஒரு தடவை ஓடியது, அதை அப்படியே பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டான். அடுத்த முறை நாடா அறுந்துவிட்டது. அதிலிருந்து பதினோரு நிமிஷத்தை மட்டும் எடுத்து ஒன்றாம் பொத்தானில் வைக்கச் சொன்னார். அதை அமுக்கினால் டீவியின் சத்தம் தானாக அடங்க வேண்டும். இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, வேறெங்கும் இருக்கக் கூடாது என்றுவிட்டார்.

போன் அணைந்த பிறகு இருவரும் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு கொடியும் இரண்டு துண்டும் தெரிந்தன.

"மத்தியானம் மாமி தூங்கறப்ப, மாமிக்குக் கேக்கக் கூடாதுன்னு பாத்திருக்கார்," என்றாள் வனஜா.

"கண்டுபிடிச்சுட்டோம்னு சந்தோஷப்படலாமா?"

"படமுடியல நோரா."

மேலே போனதும் நோரா சேஷகிரியிடம் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி யோசனை கேட்டு ஹாலிலேயே உட்கார வைத்துக்கொண்டாள். அவள் குரல் அந்தக் கட்டடத்துக்கே யோசனை கேட்டது. வனஜா சமையலறைக்குள் போனாள். தனக்கு வயிற்றுப்புண், சப்பாத்தி ஒத்துக்கொள்ளாது, ஒரு பிடி சாதம் வடித்துத் தர முடியுமா என்றாள்.

பாமாவின் கையில் சப்பாத்திக் குழவி நின்றது. "அரிசியிலே வண்டு."

"வண்டு வந்தா முறத்துல கொட்டி வெயில்ல வெப்பாங்க மாமி. கல்லு வெச்சு மூட மாட்டாங்க." வனஜா கைக்குட்டையை விரித்து அந்த வெள்ளைத் தூளைக் காட்டினாள். "இது மாவு. டீவிக்கு அடியில எப்படி மாவு வந்துச்சு?"

பாமா அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் உட்கார்ந்தாள், அந்த வீட்டில் எல்லாமே சத்தமில்லாமல்தான் நடந்தது.

அவர்களுக்கு ஒரே பெண் இருந்தாள், அம்ருதா. பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டாள். அதன் பிறகு பாமா நாலு மாதம் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. கண்ணில் படுகிற மாதிரி எதையும் வைக்காதீர்கள், பெயரைக்கூட எடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை சேஷகிரி வேதமாக எடுத்துக்கொண்டார். படங்களைக் கழற்றினார், பழைய வீட்டை விட்டார், இங்கே வந்தார். ஏழு வருடம் அந்தப் பெயர் இந்த வீட்டில் காற்றில்கூட வரவில்லை.

பெட்டி வந்த முதல் வாரமே பாமாவுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் இல்லைதான், வெளிச்சம் இருந்ததே. படுக்கையறைக் கதவிடுக்கில் நீலமாகச் சுவரில் ஆடியது. எழுந்து வந்து பார்த்தாள். டீவியில் அவர்கள் பெண் உட்கார்ந்திருந்தாள். கணவர் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாமா திரும்பிப்போய்ப் படுத்து, தூங்குகிற மாதிரி மூச்சு விட்டாள். இரண்டு வருடமாக மத்தியானம் தோறும் அப்படித்தான்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவர் நிறுத்திடுவார். அவருக்கு இருக்கறது அந்தப் பதினோரு நிமிஷம்தான். அதை நான் எப்படிப் பிடுங்கறது?"

அவர் நடக்கப் போனதும் அவள் வந்து பெட்டிமேல் கையை வைத்துப் பார்ப்பாள். மூடி வெதுவெதுப்பாக இருக்கும்.

"சூடா இருந்தா, இன்னிக்கும் வந்துட்டுப் போயிருக்கான்னு அர்த்தம்."

அந்தக் காலத்தில் வீட்டில் இட்லி மாவைக் கையால் கரைப்பது அம்ருதாதான். அவள் கை பட்டால் எந்தக் குளிரிலும் பொங்கும். பாமாவின் கைக்குப் பொங்காது. சில கைகளுக்குத்தானே அந்த ராசி. பெண் போன பிறகு ஐந்து குளிர்காலம் இந்த வீட்டு இட்லி கல்லாகவே இருந்தது. பெட்டி வந்து முதல் டிசம்பரில், அந்தச் சூடு வீணாகப் போகிறதே என்று ஒருநாள் மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மூடிமேல் வைத்தாள். அவர் திரும்பி வருவதற்குள் எடுத்துவிட்டாள். மறுநாள் காலை மாவு பொங்கி வழிந்தது. பழைய மாதிரி.

அதன் பிறகு வைக்காமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பாத்திரம் சின்னது, மாவு அதிகம். சூட்டில் அங்கேயே பொங்கிவிட்டது. அவள் பார்த்தபோது மூடியின் பிளவுகள் வழியாக மாவு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. பிடுங்கினாள், துடைத்தாள், கவிழ்த்தாள். மகா சொன்ன போன் கதை நினைவுக்கு வந்தது. அரிசி ஈரத்தை இழுக்கும். டிரம்மில் குழி பறித்து உள்ளே வைத்து மூடினாள். இரண்டு நாளில் காய்ந்துவிடும், திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தாள். அவர் வந்தார், பெட்டி எங்கே என்றார். தெரியாதே என்றாள்.

"அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். மகா பேரை நான் சொல்லலை." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அவ பேர் வந்தப்போ என் வாய் திறக்கவும் இல்லை."

சொன்னால், பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணை இன்னொரு தடவை கொன்றது தன் கைதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மகா திருடி. மூன்று நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள் பாமா.

வனஜாவுக்கும் கை ஓடவில்லை. ஒரு குழவியை நகர்த்தினால் வேலை முடிந்தது. ஆனால் அவள் நகர்த்தினால், இந்த அம்மாள் தன் வீட்டிலேயே பிடிபட்டவள் ஆவாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பொருளை எடுத்துக் கொடுத்தவள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒன்றை எடுக்க முடியாமல் நின்றாள். மணி நாலே முக்கால்.

"நான் திறக்க மாட்டேன் மாமி," என்றாள். "ஆனா மகா கீழ நிக்கறா."

ஹாலுக்கு வந்தபோது, கூட்டத்துக்குக் கூப்பிட கோவிந்தப்பா ரிஜிஸ்டரோடு வந்திருந்தார். பின்னால் மகா. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மூன்று நாளைக்கு முன்னால் வரை துடைத்த தரையில் கால் வைக்க அவளுக்கு மனமில்லை.

பெட்டி இருக்கிற இடம் தெரிந்துவிட்டது, மகா எடுக்கவில்லை என்று வனஜா சொன்னாள். சேஷகிரி எழுந்தே விட்டார். எங்கே என்றார்.

"எங்க டிப்போவுல ஒரு வழக்கம் சார். அடையாளம் சொல்லாம பொருளைக் கொடுக்கறதில்ல."

கறுப்பு நிறம், முன்னால் பச்சை விளக்கு, இவ்வளவு அகலம் என்று அவர் கையால் காட்டினார்.

"அது எல்லாப் பெட்டிக்கும் இருக்கும். உள்ள என்ன?"

"சினிமா."

"ஒண்ணாம் நம்பர்ல?"

அவர் வனஜாவைப் பார்த்தார். சமையலறை வாசலில் வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு, இந்த வயதில் ஒரு மனிதர் வேறெங்கே ஓட முடியும், காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இனிமேல் யார் என்ன கேட்டாலும் அவருக்குக் கேட்காது.

நோரா ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

பாமா வந்தாள். அவர் எதிரில் நின்று ஏதோ சொன்னாள். அவருக்கு அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அந்த அசைவைப் பார்த்ததும் அவர் முகம் ஏனோ ஆடிப்போயிற்று. பாமா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கருவியை எடுத்து, அவர் காதில் பொருத்தினாள். மறுபடி சொன்னாள்.

"ஆனேக்கல் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி. அம்ருதா."

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அவள் சமையலறைக்குப் போய் குழவியை நகர்த்தினாள். தானே செய்தித்தாளை விரித்தாள், தானே டிரம்மைச் சாய்த்தாள். அரிசியோடு பெட்டியும் சரிந்து வந்தது. பிளவு தோறும் அரிசி சிக்கியிருந்தது. புளித்த மாவு நாற்றம் ஹால் வரை வந்தது. நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னாள். சூட்டைத் தொட்டுப் பார்ப்பதை, மாவை, தெரியாதே என்று சொன்னதை. சேஷகிரி தரையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அது சில்லிட்டிருந்தது.

நோரா நாகேஷை அழைத்தாள். கரண்டில் மாட்டவே மாட்டாதீர்கள், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றான். உள்ளே இருக்கிற டிஸ்க் தப்பித்திருக்கலாம், தப்பிக்காமலும் இருக்கலாம். பார்க்காமல் எதுவும் சொல்லமுடியாது, பார்த்த பிறகும் சத்தியம் செய்ய முடியாது என்றான். நோரா அதை அப்படியே சொன்னாள்.

கோவிந்தப்பா சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து மகாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்க குடுத்தா பத்தாது சார். கூட்டத்துல அந்தம்மா வந்து சொல்லணும்." பிறகு பாமாவைப் பார்த்தாள். கோபம் இருந்த குரல், நடுவில் உடைந்தது. "அரிசியில வெக்கச் சொன்னதே நான்தானேம்மா. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ரெண்டு நாளு காவல் காத்திருப்பேன். மீதி வூட்டுக்கு நாளைக்கு வரேன். இங்க வருவேனான்னு தெரியல. உங்க இட்லி இனிமே எனக்கு தொண்டையில எறங்குமான்னு தெரியல."

பாமா தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தச் சொல்லுக்கு இங்கே போதுமான எடையில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். கேட்காமல் செருப்பைத் தேடினாள். பெட்டி வந்த இந்த இரண்டு வருடமாக அவள் கீழே இறங்கியதே இல்லை.

கதவருகில் போனபோது சேஷகிரி பின்னாலிருந்து பேசினார். பெட்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"அதுல அவ வீடியோக்காரனைப் பாத்து ஏதோ சொல்றா. நீ முழிச்சுப்பியேன்னு நான் சத்தம் வெச்சதே இல்லை. ரெண்டு வருஷமா வாயையே பாத்துண்டிருக்கேன். என்ன சொல்றான்னு தெரியலை."

பாமா திரும்பி நின்றாள். வெளியே மகாவும் நின்றாள்.

"பக்கத்து இலையிலே நான்தானே உக்காந்திருந்தேன். 'என்னை எடுத்தது போதும், அதோ எங்கப்பாவை எடுங்கோ, மூணாவது ஜாங்கிரிக்குக் காத்துண்டிருக்கார்'னா."

அவர் வெகுநேரம் அந்தச் செத்த பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மூணாவது இல்லை," என்றார். "நாலாவது."

பாமா மகாவின் பின்னால் படி இறங்கினாள். ஐந்து மணிக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நின்று சொன்னாள். மகா பாஸை வாங்கிக்கொண்டாள். வனஜாவும் நோராவும் மாரத்தஹள்ளி நெரிசலில் வெகுநேரம் நின்றார்கள். நோரா ஒரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. போய் வாருங்கள். உங்கள் வீட்டு மாவு எந்தக் குளிரிலும் பொங்கட்டும். உங்கள் அரிசிப் பானையில் அரிசியைத் தவிர வேறெதுவும் ஒளியாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு உழைக்க வருகிறவர்கள் தலைநிமிர்ந்து வந்து தலைநிமிர்ந்து போகட்டும். போனவர்களின் பெயரைச் சொல்ல உங்கள் வீட்டில் இரண்டு பேருக்காவது ஒரே நேரத்தில் தைரியம் வரட்டும். இருக்கிறவர்கள் நாலாவது ஜாங்கிரி சாப்பிட்டு நூறாண்டு இருக்கட்டும்.